அழற்சி: நண்பனா, பகைவனா?

கத்தி பட்ட விரல் சற்று நேரத்தில் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இந்த நான்கும் அழற்சியின் அடையாளங்கள் என்று உரோம எழுத்தாளர் செல்சஸ் முதலாம் நூற்றாண்டிலேயே குறித்து வைத்தார். அன்று முதல் இன்று வரை அழற்சி என்றதும் அதை எப்படி அடக்குவது என்றுதான் நாம் யோசிக்கிறோம். ஆனால் அழற்சியே இல்லாவிட்டால் அந்த விரல் ஆறவே ஆறாது. அதே அழற்சி ஓய்வில்லாமல் தொடர்ந்தாலும் ஆறாது. இவ்விரண்டுக்கும் இடையில் நமது உடல் எப்படிச் சமநிலை காக்கிறது? அந்தச் சமநிலை குலைந்தால் என்ன நேரும்? தோழிகளே, இதற்கான பதிலின் ஒரு பகுதி நம் வீட்டு வெற்றிலைத் தட்டிலேயே இருக்கிறது.

முதலில் காயத்துக்கு வருவோம். குருதி கசிந்த உடனே குருதிச் சிறுதட்டுக்கள் ஒன்றுகூடி அடைப்பை உண்டாக்குகின்றன. சேதமடைந்த கலங்கள் ஹிஸ்டமின் போன்ற இரசாயனங்களை வெளிவிடுகின்றன. அருகிலுள்ள குருதிக் குழாய்கள் விரிகின்றன. சிவப்பும் சூடும் வருவது அதனால்தான். குழாய்ச் சுவர் வழியே திரவம் கசிவதால் வீக்கம் வருகிறது. அதே வழியால் சில மணித்தியாலங்களுக்குள் நடுநிலைநாடிகள் என்னும் வெண்குருதிக் கலங்கள் வந்து பக்டீரியாக்களை விழுங்குகின்றன. ஏறத்தாழ இரண்டு நாட்களின் பின் பெருந்தின்கலங்களின் ஆட்சி தொடங்குகிறது.

தின்கலங்களை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் ரஷ்ய விஞ்ஞானி எலி மெச்னிக்கோவ். 1882 இல் இத்தாலியின் மெசினா நகரில், கண்ணாடி போன்ற உடலுடைய நட்சத்திரமீன் குடம்பிகளில் சிறு முட்களைக் குத்திவிட்டு மறுநாள் நுணுக்குக்காட்டியில் பார்த்தார். முள்ளைச் சுற்றி அசையும் கலங்கள் குவிந்திருந்தன. அந்நியப் பொருளை விழுங்குவதற்கென்றே உடலில் கலங்கள் உண்டு என்ற கருத்து அங்கிருந்து வளர்ந்தது. 1908 இல் போல் ஏர்லிச்சுடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆனால் பெருந்தின்கலம் வெறும் துப்புரவுத் தொழிலாளி அல்ல. தன் வேலை முடிந்ததும் நடுநிலைநாடி தானாகவே இறக்கிறது. அதன் உடலை அங்கேயே விட்டால் அது வெடித்துச் சுற்றியுள்ள இழையத்தையும் அரிக்கும். எனவே பெருந்தின்கலம் அதை விழுங்குகிறது. அப்படி விழுங்கும்போது அதன் குணமும் மாறத் தொடங்குகிறது. அதுவரை அழற்சியைத் தூண்டிய அதே கலம் இப்போது அழற்சியைத் தணிக்கும் பொருட்களைச் சுரக்கிறது. புதிய குருதிக் குழாய்களையும், கொலாஜன் நார்களை உற்பத்தி செய்யும் நாரரும்பர்க் கலங்களையும் வரவழைக்கிறது. போர்வீரன் ஆயுதத்தை வைத்துவிட்டுக் கொத்தனாராக மாறுவது போன்றது இது.

இறக்கும் கலத்தைத் தின்கலம் எப்படித் தேடிக் கண்டுபிடிக்கிறது? சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயின்று பின்னர் அமெரிக்காவில் ஆய்வு செய்த கொடி ரவிச்சந்திரனின் குழு 2009 இல் இதற்கு ஒரு விடை தந்தது. கலத்தின் சக்தி நாணயம் என்று நாம் உயிரியலில் படிக்கும் ஏ.ரீ.பி. மூலக்கூறை, இறக்கும் கலம் சிறிதளவு வெளியே விடுகிறது. “நான் இங்கே இருக்கிறேன், வந்து எடு” என்ற அழைப்பு அது.

இந்தக் கலங்களின் அருமையை உணர்த்தும் இன்னொரு ஆய்வு அக்ஸலோட்டல் என்னும் மெக்சிக்கோ நாட்டு நீர்வாழ் ஈரூடகவாழியில் செய்யப்பட்டது. அதன் காலை வெட்டினால் எலும்பு, தசை, நரம்பு எல்லாம் சேர்ந்த முழுக் கால் மீண்டும் முளைக்கும். 2013 இல் அவுஸ்திரேலியாவில் ஜேம்ஸ் கொட்வினும் சக ஆய்வாளர்களும் அதன் உடலிலுள்ள பெருந்தின்கலங்களை அகற்றிவிட்டுக் காலை வெட்டினார்கள். கால் முளைக்கவில்லை. வெட்டிய இடம் தழும்பாகி மூடிக்கொண்டது. பெருந்தின்கலங்கள் மீண்டும் பெருகிய பின் அதே இடத்தைத் திரும்ப வெட்டியபோது கால் வளர்ந்தது. புத்துயிர்ப்புக்கு அழற்சிக் கலங்கள் தடையல்ல, அவசியம் என்பது இதனால் தெளிவாகிறது.

நமக்குக் கால் முளைக்காது. எனினும் நம் உடலிலும் தழும்பு அதிகம் விழாமல் விரைவாக ஆறும் ஓர் இடம் உண்டு. அது வாய். சுடுதேநீர் பட்டுப் பொத்துப்போன நாக்கு சில நாட்களில் பழையபடி ஆகிவிடுகிறது. வாயின் மேலணிக் கலங்கள் வேகமாகப் பிரிகின்றன. உமிழ்நீரில் வளர்ச்சிக் காரணிகள் உள்ளன. எல்லாவற்றுக்கும் மேலாக, வாய்க் காயத்தில் அழற்சி தோலில் உள்ளதைவிடக் குறைவாக எழுந்து சீக்கிரம் அடங்கிவிடுகிறது. வேலை முடிந்ததும் வேலையாட்கள் கலைந்து போகிறார்கள். தழும்பு குறைவதற்கு அதுவே முக்கிய காரணம்.

இவ்வளவு நன்றாக ஆறும் வாயையே ஆறவிடாமல் செய்யும் பொருள் ஒன்று உண்டு. அதுதான் பாக்கு.

பாக்கின் கரடான நார் கன்னத்தின் உட்புறத்தை நாள்தோறும் உராய்கிறது. சுண்ணாம்பு அதை மேலும் புண்ணாக்குகிறது. ஒரு காயம் ஆறுவதற்குள் அடுத்த வாய் வெற்றிலை வந்துவிடுகிறது. நிர்ப்பீடனக் கலங்களுக்குக் கலைந்து போக நேரமே கிடைப்பதில்லை. அவை அங்கேயே நின்று, நாரை உற்பத்தி செய்யத் தூண்டும் உருமாற்ற வளர்ச்சிக் காரணி பீற்றா என்ற புரதத்தைத் தொடர்ந்து சுரக்கின்றன. பாக்கிலுள்ள அரிகோலின் நாரரும்பர்க் கலங்களைத் தூண்டுகிறது. பாக்கில் அதிகமாக உள்ள செம்பு, கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதியத்தின் செயலைக் கூட்டுகிறது. பாக்கின் துவர்ப்புக்குக் காரணமான தனின்கள் அந்த நார்களை எளிதில் கரையாதபடி செய்துவிடுகின்றன. உற்பத்தி கூடுகிறது, அகற்றல் குறைகிறது. மென்மையாக இருந்த கன்னம் மெல்ல மெல்லத் தோல்பட்டை போல இறுகுகிறது.

இதற்கு வாய்ச் சளிக்கீழ் நார்மயமாதல் என்று பெயர். 1952 இல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இதைக் கண்டு விவரித்தார். இந்த நோயைப் பற்றிய ஆய்வில் நமது பேராதனைக்கு உலக அளவில் இடமுண்டு. பேராதனைப் பல்கலைக்கழகப் பல்மருத்துவ பீடத்தில் வாய்நோயியல் பேராசிரியராக இருந்த டபிள்யூ. எம். திலகரத்னவும் சக ஆய்வாளர்களும் இந்நோயின் காரணங்களையும் அது உருவாகும் விதத்தையும் தொகுத்து 2006 இல் வெளியிட்ட கட்டுரை, உலகெங்கும் இத்துறையினரால் எடுத்தாளப்படுகிறது. நாம் பஸ்ஸில் கடந்து போகும் அந்தக் கட்டடங்களுக்குள் இப்படியான வேலை நடந்திருக்கிறது என்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

நோயின் அறிகுறிகள் எளியவை. காரமான சாப்பாடு பட்டால் வாய் எரியும். கன்னத்தின் உட்புறம் வெளிறும். பின்னர் வாய் முழுமையாகத் திறக்காது. பொதுவாக வளர்ந்த ஒருவரின் வாய்க்குள் தம் மூன்று விரல்களைச் செங்குத்தாக வைக்க முடியும். இதைப் படித்த அன்று எங்கள் உம்மம்மாவிடம் செய்து பார்க்கச் சொன்னேன். “ரெண்டுதான் போகுது மகள். வயசு போனா அப்பிடித்தானே” என்றார். வயது போனதால் மட்டும் வாய் இப்படிச் சுருங்குவதில்லை. உம்மாவும் நானும் அவரைப் பேராதனைக்குக் கூட்டிச் சென்று காட்டத் தீர்மானித்திருக்கிறோம். வெற்றிலையை விடுவதுதான் அவருக்குப் பெரிய பாடு. கலியாண வீட்டிலும் மௌத்து வீட்டிலும் மனிதரை உபசரித்த தட்டு அது. அதை மறுப்பது ஆளையே மறுப்பது போல அவருக்குத் தோன்றுகிறது.

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். ஏனெனில் இது இறுக்கத்தோடு நின்றுவிடும் நோயல்ல. கேரளத்தின் எர்ணாகுளத்தில் 66 நோயாளர்களை 17 ஆண்டுகள் கவனித்த ஆய்வொன்றில் 7.6 சதவீதமானோருக்கு அது வாய்ப் புற்றுநோயாக மாறியது. இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படுவதும் வாய்ப் புற்றுநோயே. “நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்” என்று சொல்பவர்கள் பலர். புகையிலை சேராத பாக்கும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட தொகுதியில் தெளிவாகக் கூறியுள்ளது. கடைகளில் தொங்கும் இனிப்புப் பாக்குப் பைக்கற்றுகளுக்கும் இது பொருந்தும். அவற்றை வாங்குபவர்கள் உம்மம்மாமார் அல்லர், நம் வயதினர்.

இறுகிய கன்னம் முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. ஆயினும் பாக்கை நிறுத்தினால் புதிய காயம் ஏற்படுவது நிற்கும். நேரத்தோடு கண்டால் வைத்தியர்களால் எரிவைக் குறைக்கவும், பயிற்சிகளால் வாய் திறப்பைப் பேணவும், ஆபத்தான மாற்றங்களை முன்கூட்டியே அறியவும் முடியும்.

ஆகவே அழற்சி நண்பனா, பகைவனா என்ற கேள்விக்கு விடை இதுதான்: அழைத்தபோது வந்து, வேலை முடிந்ததும் போய்விடும் வரை அது நண்பன். போகவிடாமல் நாம் பிடித்து வைத்தால் அது பகைவன். இன்று வீட்டுக்குப் போனதும் வெற்றிலை போடும் பெரியவர் ஒருவரிடம் மூன்று விரல்களை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது விரல் போகாவிட்டால், பல் வைத்தியரிடம் நீங்களே கூட்டிச் செல்லுங்கள்.