கார்டு மேல பழி போடுறதுக்கு முன்னால

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தை அளந்து எழுதிவைக்க ஒரு சின்ன லினக்ஸ் போர்டு வைத்திருக்கிறேன். ஹார்டு டிஸ்க் கிடையாது, எல்லாமே ஒரு மைக்ரோ எஸ்டி கார்டில்தான். ஒருநாள் ஷட்டவுன் பண்ணிட்டு மறுபடி ஆன் பண்ணினால் பதிவுக் கோப்பின் கடைசி வரிகளைக் காணோம். அடுத்த தடவை செட்டிங்ஸ் கோப்பு 0 பைட். மூன்றாவது தடவை போர்டு பூட்டே ஆகலை. மூன்று வார அளவுகள் போச்சு.

"கார்டு அவுட்டு, புதுசு வாங்கு" என்பதுதான் எல்லாரும் சொல்ற வைத்தியம். நானும் வாங்கினேன். திரும்பவும் அதே கதை. அப்புறம்தான் புரிந்தது, மூன்று வெவ்வேறு நோய்க்கு நான் ஒரே பெயர் வைத்திருந்தேன்.

நம்ம நிரல் எழுதும் ஒரு வரி, கார்டில் போய் உட்காருவதற்கு முன்னால் மூன்று இடத்தில் காத்திருக்கிறது.

முதல் இடம், நிரலின் சொந்த பஃபர். பைத்தானில் எழுதினால் சில கிலோபைட் சேரும்வரை அது நிரலுக்குள்ளேயே இருக்கும். ஷட்டவுனில் சிஸ்டம் அனுப்பும் 'சிக்டெர்ம்' சிக்னலை நிரல் கவனிக்காவிட்டால், பஃபரை எழுதாமலேயே செத்துப்போகும். கடைசி வரிகள் மட்டும் காணாமல் போனால் இங்கேதான் தேடணும்.

இரண்டாவது, கர்னலின் பேஜ் கேஷ். அதாவது ராம். வழக்கமான அமைப்பில் புதிய தரவு இங்கே சுமார் 30 வினாடி வரை தங்கலாம். ஏற்கெனவே உள்ள கோப்பை எழுதுவதற்காகத் திறந்தால் பழைய உள்ளடக்கம் முதலில் காலியாகும். புதியது கார்டுக்குப் போவதற்குள் கரண்ட் போனால் மிஞ்சுவது 0 பைட். நான்தான் ஷட்டவுன் பண்ணினேனே என்றால், எஸ்எஸ்ஹெச் இணைப்பு அறுந்ததுமே வேலை முடிஞ்சதுன்னு பிளக்கைப் பிடுங்கினேன். இணைப்பு அறுவது ஆரம்பத்தில். கோப்பு முறைமையை அவிழ்ப்பது கடைசியில். நடுவில் ஏதாவது ஒரு சேவை நிற்க மறுத்தால், சிஸ்டம்டி வழக்கமாக 90 வினாடி வரை பொறுமையாகக் காத்திருக்கும்.

மூன்றாவது, கார்டுக்குள் இருக்கும் கன்ட்ரோலர். ஃப்ளாஷில் எழுதிய இடத்திலேயே திரும்ப எழுத முடியாது, பெரிய பெரிய பிளாக்காக அழித்துத்தான் எழுத முடியும். அதனால் கன்ட்ரோலர் தரவை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும், எது எங்கே என்று ஒரு அட்டவணையும் வைத்திருக்கும். அந்த வேலையின் நடுவில் கரண்ட் போனால், நாம் தொடவே தொடாத பழைய கோப்பும் கெடலாம். பார்ட்டிஷன் பிரித்தாலும் தப்ப முடியாது, கன்ட்ரோலருக்கு பார்ட்டிஷன் என்றால் என்னன்னே தெரியாது.

சோதிப்பதில் ஒரு பொறி இருக்கு. கோப்பை எழுதிய கையோடு செக்சம் பார்த்தேன், பொருந்தியது. ஷட்டவுனுக்குப் பிறகு பொருந்தலை. முதலில் படித்தது கார்டை இல்லை, ராமில் இருந்த நகலை. அதனால் செக்சத்தை வேறொரு கணினியில் குறித்துக்கொண்டு, மின்சாரத்தை நிறுத்தி, திரும்ப ஆன் பண்ணிய பிறகு ஒப்பிடுங்கள். 'எஃப்எஸ்சிகே' சுத்தம்னு சொன்னாலும் நம்பிவிட வேண்டாம். அது கோப்பு முறைமையின் கட்டமைப்பைப் பார்க்கும், கோப்புக்குள் இருப்பதைப் பார்க்காது.

இப்போது சிக்டெர்ம் வந்தால் என் நிரல் பஃபரைக் காலி செய்துவிட்டுத்தான் மூடுகிறது. செட்டிங்ஸைத் தற்காலிகக் கோப்பில் எழுதி, 'எஃப்சிங்க்' கொடுத்து, பிறகுதான் பழைய பெயருக்கு மாற்றுகிறது. சிஸ்டம் கார்டு படிக்க மட்டும், அளவுகள் தனி பென் டிரைவில். அது கெட்டாலும் போர்டு பூட் ஆகும். பிளக்கைப் பிடுங்குவது, போர்டில் கார்டு விளக்கு மினுக்குவது நின்று பத்து வினாடி கழித்து.

கெட்டுப்போச்சுன்னு தூக்கிப்போட்ட அந்தப் பழைய கார்டை எடுத்து முழுசா எழுதிப் படித்துப் பார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை.