ஜப்பான் பழைய கார் மலிவா?

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் உறவினர் உள்ள நம் சங்க அன்பர்கள் சிலர், “அங்கே தெருவுக்குத் தெரு ஜப்பான் பழைய கார் ஓடுகிறதே, நாமும் ஒன்று தருவித்தால் என்ன?” என்று கேட்கிறார்கள். ஜப்பானிலும் நமக்கும் ஸ்டியரிங் வலப்பக்கம்தான். துறைமுகமும் நம் ஊரிலேயே இருக்கிறது. கிளியரிங் ஏஜெண்டிடம் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் விவரத்தைச் சொல்கிறேன்.

ஜப்பானில் புதுக் காருக்கு 3 ஆண்டு கழித்து முதல் தகுதிச் சோதனை; பிறகு 2 ஆண்டுக்கு ஒரு முறை. ‘ஷாக்கென்’ எனப்படும் இதற்குச் செலவு அதிகம். ஆகவே பலர் வண்டியை விற்றுவிடுகிறார்கள். ஆனால் உண்மையில் மலிவாகக் கிடைப்பவை பல ஆண்டுகள் ஓடியவையே.

நம் விதி குறுக்கே நிற்பது இங்கேதான். தயாரான நாளிலிருந்து 3 ஆண்டுக்கு மேற்பட்ட பழைய காரை இந்தியாவில் இறக்க முடியாது. கணக்கு தயாரிப்புத் தேதிக்குத்தான், பதிவுத் தேதிக்கு அல்ல. ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில் காட்ட வேண்டும். முன்விளக்கு இடப்பக்கப் போக்குவரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இன்னும் 5 ஆண்டு ஓடும் தகுதியும், அதுவரை இங்கே சர்வீஸ் கிடைக்கும் என்ற உறுதியும் வேண்டும். பழைய வண்டிக்கு மும்பைத் துறைமுகம் ஒன்றே வழி; சென்னைக்காரரும் இங்கேதான் வரவேண்டும்.

கப்பலேறும் முன்பு ஒரு சோதனைச் சான்றிதழ். இறங்கிய பின் புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற நிலையத்தில் மறுபடி சோதனை. சுங்க வரியும் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தால் வண்டியின் விலையையே தாண்டிவிடும். அதன் பிறகே இன்ஷூரன்ஸ், சாலை வரி, ஆர்.டி.ஓ. பதிவு. செம்பூர்வாசிகளுக்கு அது வடாலா அலுவலகம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்!

இலங்கையின் கதை வேறு. அங்கே சொந்தமாகக் கார் தயாரிக்கும் பெருந்தொழில் இல்லை. இறக்குமதியை நம்பியே வாழ்கிறார்கள். அங்கும்கூட அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி வந்தது.

ஆகவே யாராவது “இம்போர்ட்டட் வண்டி, வெளிமாநிலப் பதிவு, பாதி விலை” என்றால் உஷாராக இருங்கள். 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்க இலாகா ‘நும்கோர்’ என்ற பெயரில் சோதனை நடத்தி, பூடான் வழியாகக் கடத்தி வந்ததாகச் சொல்லி முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகளைப் பிடித்தது. அப்படி வந்த வண்டிகள் வேறு மாநிலங்களில் பதிவாகியிருந்தன என்பது இலாகாவின் குற்றச்சாட்டு. முறையின்றி இறங்கிய வண்டியை 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டப்படி பறிமுதல் செய்யலாம். ஆர்.சி. புத்தகம் கையில் இருப்பது மட்டும் காப்பாற்றாது.

எனவே முன்பணம் கொடுக்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: சுங்க இலாகாவின் ‘பில் ஆஃப் என்ட்ரி’, வரி கட்டிய ரசீது, தயாரிப்புத் தேதிக்கு அத்தாட்சி. அவற்றிலுள்ள சேஸிஸ் எண்ணை வண்டியில் பொறித்த எண்ணோடு நீங்களே ஒத்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அந்த வண்டி நமக்கு வேண்டாம்.