31 ஒன்றுகள்

2147483647. நம் கணக்கில் சொன்னால் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. பார்வைக்கு எந்த ஒழுங்கும் தெரியாத பத்து இலக்கங்கள். 0, 1 மட்டுமே கொண்ட இரும முறையில் எழுதினால் இதே எண் வரிசையாக 31 ஒன்றுகள். இரண்டின் 31-ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பது இது.

இப்படி இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் வெளியிட்ட பட்டியலில் அடுக்கு 31-உம் இருந்தது. நிரூபணம் இல்லை. அதே பட்டியலில் அவர் சேர்த்த 67-உம் 257-உம் பின்னாளில் தவறென்று தெரிந்தன. ஆகவே 31-ஐயும் யாராவது சோதித்தே ஆக வேண்டியிருந்தது.

சோதித்தவர் கணிதர் லெயோனார்டு ஆய்லர். 1772-இல், கண்பார்வை ஏறக்குறைய முற்றிலும் போயிருந்த நிலையில், இது பகா எண்தான் என்று மூன்றாம் யோஹான் பெர்னூலி என்ற கணிதருக்குக் கடிதம் எழுதினார். நேர்வழியில் போனால் இதன் வர்க்கமூலம் வரை, அதாவது 46340 வரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும், அவை 4792.

அந்தக் கூட்டத்தைக் குறைக்கும் வழியைச் சிறிய எண்ணில் பார்க்கலாம். இரண்டின் 11-ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால் 2047. அது 23 × 89. இரண்டையுமே 22-ஆல் வகுத்தால் மீதி 1. 22 என்பது 11-இன் இரு மடங்கு. இது தற்செயல் அல்ல, ஃபெர்மாவின் தேற்றத்திலிருந்து வருவது. அப்படியானால் நம் எண்ணுக்கு ஒரு பகா வகுத்தி இருந்தால், அதை 62-ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். இன்னொரு விதிப்படி, 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டையும் சேர்த்தால் 248-ஆல் வகுத்து 1 அல்லது 63 மீதி வரும் எண்கள் மட்டுமே மிஞ்சும். 46340-க்குள் அவை வெறும் 373. அவற்றிலும் பல பகு எண்கள். எதனாலும் நம் எண் வகுபடவில்லை. பெரிய கணக்கைப் போட்டு முடித்ததைவிட, போட வேண்டாத கணக்குகளை அடையாளம் கண்டதுதான் இதில் என்னை வியக்கவைக்கிறது.

தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை தனக்கே சமமானால் அது நிறைவெண்: 6 = 1 + 2 + 3. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைத் தரும். நம் எண் தருவது எட்டாவது நிறைவெண், 2305843008139952128. இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை, அதனால் பயனும் இல்லை என்று 1811-இல் எழுதினார் ஆங்கிலேயக் கணிதர் பீட்டர் பார்லோ. 1876-இல் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் இரண்டின் 127-ஆம் அடுக்குக்கு வந்துவிட்டார்.

கணினியில் இந்த எண் ஒரு எல்லைக்கல். 32 பிட் (இரும இலக்கம்) இடத்தில் ஒரு பிட் கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விட, மீதி 31-உம் ஒன்றாக நிரம்பியதும் எண்ணிக்கை தீர்ந்துவிடும். 2014-இல் 'கங்னம் ஸ்டைல்' பாடலின் பார்வைக் கணக்கு இதைத் தாண்டியபோது, யூடியூப் 64 பிட்டுக்கு மாறியிருந்தது. பல பழைய கருவிகள் 1970 ஜனவரி 1 முதல் வினாடிகளை எண்ணியே நேரம் சொல்கின்றன. அந்தக் கணக்கு 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு இந்த எண்ணைத் தொடும். மாற்றப்படாத கருவியில் அடுத்த வினாடி தேதி 1901 டிசம்பருக்குத் தாவும்.