கஷாயத்தின் எல்லை

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கிவிட்டால், பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் இருமல் சத்தம் கேளாத வீடு அபூர்வம். இந்தியாவில் சில்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது. இதன் பெரும்பாகம் ஆந்திர தேசத்தைச் சேர்ந்தது. தென்கோடி நமது பொன்னேரித் தாலூகாவில் அடங்கியது. விடியுமுன் வலையுடன் படகேறும் மீனவருக்கும், இடுப்பளவு நீரில் நின்று இறாலைக் கையாலேயே தடவிப் பிடிக்கும் இருளர் மாதருக்கும் மழைநாளென்று ஓய்வு கிடையாது. நனைந்த துணியுடன் வீடு திரும்புகிறவர்கள் முதலில் நாடுவது அடுப்பிலிருந்து இறக்கிய ஒரு கிண்ணம் வேர்க் கஷாயத்தையே.

சுக்கு, சித்தரத்தை, அதிமதுரம், கண்டந்திப்பிலி, கிடைத்தால் கண்டங்கத்தரி வேரும் ஆடாதோடை வேரும். இவற்றை இடித்து நீரிலிட்டு, நாலில் ஒரு பங்காக வற்றக் காய்ச்சி, வடிகட்டிப் பனைவெல்லம் சேர்த்துச் சூட்டோடு பருகுவது தமிழ்நாட்டுப் பாட்டிமார் அறிந்த முறை. வீட்டுக்கு வீடு சரக்கு மாறும். முறை அதிகம் மாறாது. இவற்றில் அதிமதுரம் பெரும்பாலும் ஆப்கானிஸ்தானம், பாரசீகம் முதலிய தேசங்களிலிருந்து வந்து நம் அஞ்சறைப் பெட்டியில் குடியேறியது. சுதேச வைத்தியம் அயல் சரக்கை வெறுத்து வளர்ந்ததன்று என்பதற்கு இதுவே போதிய அத்தாட்சி.

இக்கஷாயத்தைப் பற்றி நம்மவருள் இரு கட்சிகள் உண்டு. ஆங்கிலப் படிப்பில் தேறிய சிலர் இதை மூட நம்பிக்கை என்று நகைக்கிறார்கள். தேசாபிமானம் மிகுந்த வேறு சிலர், மார்பு சம்பந்தமான சகல நோய்களையும் இது தீர்க்குமென்று மேடையேறிச் சொல்கிறார்கள். இரு திறத்தாரும் சாட்சியை விசாரியாமலே தீர்ப்பு எழுதுகிறவர்கள் என்பது நம் அபிப்பிராயம்.

சாட்சியம் என்ன சொல்கிறது? ஆடாதோடையில் வாசிசின் என்றொரு சத்து இருக்கிறது. அதனை ஆராய்ந்த வழியிலேதான், சளியை இளக்கும் ப்ரோம்ஹெக்சின் என்ற மருந்து 1960-க்குப் பின் ஜெர்மனியிலிருந்து வெளிவந்தது. இன்று மருந்துக் கடைகளில் விற்கும் எத்தனையோ இருமல் மருந்துகளில் அது சேர்ந்திருக்கிறது. நகைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மேடைப் பிரசங்கிகள் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. 2008-ஆம் வருஷத்தில் பிரிட்டனிலுள்ள கார்டிப் சர்வகலாசாலையார், ஜலதோஷம் கண்ட 30 பேரைக் கொண்டு ஒரு பழரச பானத்தைச் சூடாகவும் சூடின்றியும் கொடுத்துச் சோதித்தனர். கருவியால் அளந்தபோது மூக்கின் காற்றோட்டத்தில் மாறுதல் காணவில்லை. ஆயினும் சூடாகப் பருகியவர்கள் இருமல், தொண்டை வலி, குளிர், அசதி யாவும் தணிந்ததாகக் கூறினார்கள். நோய் அகன்றதென்பதற்கு இது சாட்சியாகாது. நோயாளிக்கு இதம் கிடைத்ததென்பதற்குச் சாட்சியாகும். அந்த இதமும் அற்பமானதன்று. குளிரில் நடுங்கி வந்தவன் அன்றிரவு உறங்கினால்தானே மறுநாள் படகு தள்ள முடியும்?

ஆனால் இதத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதிமதுரத்தை நாள்தோறும் மிகுதியாக உட்கொண்டால் இரத்த அழுத்தம் உயரும். இரத்தத்தில் பொட்டாசியம் என்னும் உப்பு குறையும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதை விலக்குவதே நலம். சிறு குழந்தை மூச்சு வாங்குமானால் கஷாயம் காய்ச்சக் காலம் போக்கலாகாது. ஒரு வயதுக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை நிமிஷத்துக்கு 40 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் அது நிமோனியாவின் அறிகுறியாகலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லவேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல் க்ஷயமாக இருக்கலாம். சளியைப் பரிசோதித்தாலன்றி அதை அறிய வழியில்லை. வேர் எதுவும் அதைத் தீர்க்காது.

க்ஷயத்துக்கு மருந்து உண்டு. அது அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே கிடைக்கிறது. மருந்தை முறையாக உட்கொண்டால், வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெறுவோரும் சானடோரியத்தில் சிகிச்சை பெறுவோரைப்போலவே குணமடைகிறார்கள் என்று 1959-இல் உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டியது, 1956-இல் நமது சென்னையில் தோன்றிய க்ஷய சிகிச்சை ஆராய்ச்சி நிலையமே. சுதேசப் பெருமை பேச விரும்புவோர் இதையும் பேசலாம்.

நம் வைத்தியத்தை விசாரணைக்கு உட்படுத்துவது அதை அவமதிப்பதாகாது. 1921-இல் சென்னை அரசாங்கம் முகம்மது உஸ்மான் தலைமையில் நியமித்த கமிட்டி, சுதேச வைத்தியர்களின் சாட்சியங்களைத் திரட்டி 1923-இல் அறிக்கை வெளியிட்டது. அதன் பயனாகச் சென்னையில் இந்திய வைத்தியப் பள்ளி ஏற்பட்டது. விசாரணைக்கு அஞ்சாமல் வந்து நின்றதனால் நம் வைத்தியம் மதிப்புப் பெற்றதேயன்றி இழந்ததில்லை.

குப்பத்து மனிதன் நோயை வளரவிடுவது அறியாமையால் மட்டுமன்று. பொன்னேரிக்குப் போய் வரும் நாளில் அவனுக்கு ஏரியில் பாடு இல்லை. பாடு இல்லாத நாளில் வீட்டில் உலை இல்லை. அதனால்தான் இன்னும் ஒரு நாள் கஷாயம், இன்னும் ஒரு நாள் என்று தள்ளிப்போடுகிறான். ஆகவே தேச ஊழியர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: குப்பங்களுக்குச் செல்லுங்கள். கஷாயப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கச் சொல்ல வேண்டாம். இருமல் தொடங்கிய நாளை எண்ணிவரச் சொல்லுங்கள். நாள் கடந்தவனை நீங்களே அழைத்துச் செல்லுங்கள். சுகாதார இலாகாவினர் மழைக்காலம் முழுவதும் குப்பத்துக்கே வந்து, வலைஞர் கரையேறும் வேளையில் சளியை வாங்கிச் சென்று பரிசோதிக்கவேண்டுமென்று விடாமல் கேளுங்கள். கஷாயம் தன் வேலையைச் செய்கிறது. மற்ற வேலை நம்முடையது.