கோழி எருவும் காய்ந்த கிளையும்

மாசி, பங்குனியில் ராசிபுரம், நாமக்கல் பக்கம் தெருமுனைகள் புகைகின்றன. கூட்டிய வேப்பிலையோடு கழித்த கிளைகளும் தென்னை மட்டையும் பாளையும் சேர்ந்து எரியும் புகை அது. வயிறு எரிகிறது. அந்த மரக்கழிவை மக்க வைக்க எது தேவையோ, அது தமிழ்நாட்டிலேயே இங்கேதான் மலைபோலக் கிடக்கிறது.

இலை மக்குவதுபோல மரம் மக்குவதில்லை. லிக்னின் என்ற பொருள் அதன் நாரை இறுகக் கட்டியிருக்கிறது. தழைச்சத்தும் மிகக் குறைவு; ஒரு பங்கு தழைச்சத்துக்குக் கரிமம் பல நூறு பங்கு. குப்பை சூடேற வேண்டுமானால் இது 30 பங்கு அளவுக்கு இறங்க வேண்டும். இங்குள்ள பண்ணைகளில் குவியும் முட்டைக்கோழி எருவிலோ கரிமம் ஏறத்தாழ 10 பங்குதான். பண்ணையோரம் மூக்கை அடைக்கும் நெடி அம்மோனியா, அதாவது வயலுக்குப் போயிருக்க வேண்டிய தழைச்சத்து. மரத்தூளும் சுள்ளியும் கலந்தால் அதில் பெரும்பகுதி குப்பையிலேயே தங்கும்.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் இதைத் தென்னை நார்க்கழிவில் எப்போதோ காட்டிவிட்டது. 1 டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் சேர்ப்பது அவர்கள் முறை. லிக்னினைச் சிதைப்பது அந்தக் காளான்தான். யூரியா வேண்டாம் என்பவர்களுக்கு 200 கிலோ கோழி எரு போதும் என்கிறது அதே பரிந்துரை. நாமக்கல்காரர்கள் சுவரில் எழுதி வைக்க வேண்டிய வரி!

இந்தூரில் 1920களில் மட்கு முறையை வகுத்த ஆல்பர்ட் ஹோவர்ட், பருத்தி மாரையும் துவரை மாரையும் வண்டிப்பாதையில் போட்டு வைத்தார். சக்கரம் ஏறி நார்நாராகப் பிளந்த பிறகே அவை குப்பைக்குப் போயின. வீட்டில் கொடுவாள் போதும். கிளையை விரல் நீளத்துக்கு வெட்டி, கனமானதைப் பிளந்து, ஓரிரு நாள் தொட்டியில் ஊற வையுங்கள். முருங்கைக் கொம்பும் மரவள்ளிக் குச்சியும் ஈரம் பட்டால் துளிர்த்துவிடும்; அவற்றை முதலில் நன்றாகக் காய விட வேண்டும்.

மூன்று கூடை மரத்துண்டு, சருகுக்கு ஒரு கூடை எரு என்று அடுக்கலாம். மூன்றடி உயரமாவது இல்லாவிட்டால் சூடு நிற்காது. நம் வெயிலில் மேட்டுக் குவியல் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால், மர நிழலில் ஆழமில்லாத குழி எடுத்து மேலே தென்னங்கீற்று போடுவதே நல்லது. ஈரம் பிழிந்த துணி அளவுக்கு இருக்கட்டும். 55 டிகிரியைத் தாண்டிச் சூடேறினால் எருவிலுள்ள நோய்க்கிருமிகள் பெரும்பாலும் மடியும். வெளிப்புறம் உள்ளே போகும்படி பலமுறை கிளறினால்தான் அது முழுக் குப்பைக்கும் நடக்கும். நெடி அடித்தால் எரு அதிகம், இன்னும் சுள்ளி சேருங்கள்.

சில மாதம் கழித்துச் சலிக்கும்போது கட்டை கட்டையாக மிஞ்சுவதை மண்ணில் கலக்காதீர்கள். அது செடிக்குரிய தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். காளான் படர்ந்த அந்தத் துண்டுகளை அடுத்த குழியின் அடியில் போடுங்கள்.