கார் நிகோபார்: துஹெத் வீட்டில் வளர்ந்த விசுவாசம்

ஒரு தமிழ் உபதேசியார் விதைத்ததை ஒரு தீவுக்காரர் தன் மொழியில் வளர்த்தார். சுனாமிக்குப் பிறகு அந்த விசுவாசத்துக்குப் புதிய சோதனை.

ஸ்ரீ விஜயபுரத்துக்கு (2024 வரை போர்ட் பிளேர்) தெற்கே சுமார் 270 கி.மீ. தொலைவில் இருக்கிறது கார் நிகோபார். பரப்பு ஏறத்தாழ 127 சதுர கி.மீ. மக்கள் தொகை 2011 கணக்குப்படி 17,841. பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டம் காவல் நிற்பதால் அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியார் கால் வைக்க முடியாது. இன்று தீவு மக்களில் மிகப் பெரும்பான்மையினர் கிறிஸ்தவர்கள்.

தொடங்கி வைத்தவர் வேதப்பன் சாலமோன் என்ற தமிழர், ஆங்கிலிக்கன் சபை உபதேசியார். 1890களில் மூஸ் கிராமத்தில் குடியேறினார். அரசுப் பிரதிநிதி, பள்ளி ஆசிரியர், வானிலைக் குறிப்பாளர் என்று பல பொறுப்புகள். 1909இல் அவர் மறைந்தபோது ஞானஸ்நானம் பெற்றிருந்தவர்கள் சொற்பம். ஆனால் அவர் பர்மாவின் மாண்டலேக்குப் படிக்க அனுப்பிய சிறுவர்களில் ஒருவர் ஜான் ரிச்சர்ட்சன்.

ஊர் திரும்பிய ரிச்சர்ட்சன் பிரசங்கத்தோடு நிற்கவில்லை. பள்ளியில் பாடம் நடத்தினார். பையன்களுக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்தார். கூடவே வேதாகமத்தை நிகோபாரி மொழிக்குக் கொண்டுவந்தார். நெல்லோ கோதுமையோ விளையாத தீவு அது. தென்னை, தாழம்பழம், பன்றி, மீன் – இவைதான் வாழ்க்கை. இத்தகைய மக்களுக்குக் கதிர் அறுப்பையும் திராட்சைத் தோட்டத்தையும் ஆட்டு மந்தையையும் சொல்ல வேண்டும். பல ஆண்டு உழைப்புக்குப் பின் 1969இல் முழு வேதாகமமும் நிகோபாரியில் வெளியானது. வீட்டில் பேசும் மொழியிலேயே ஜெபிக்க வழி பிறந்தது.

இந்த விசுவாசத்துக்கு நெருப்புச் சோதனை இரண்டாம் உலகப் போரில் வந்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் பிடியில் இருந்த தீவில், உளவாளிகள் என்ற சந்தேகத்தின் பேரில் பலர் சித்திரவதைக்கு ஆளாகி மாண்டார்கள். ரிச்சர்ட்சனும் சிறைப்பட்டார், ஜப்பான் சரணடைந்ததால் உயிர் தப்பினார். திருச்சபைக்குள் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தது போருக்குப் பிறகுதான். 1950இல் அவர் பேராயரானார். 1952இல் முதல் மக்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1978இல் மறைந்தார்.

புதிய மதம் பழைய வாழ்க்கையைத் துடைத்துவிடவில்லை. துஹெத் எனப்படும் கூட்டுக் குடும்பம் அப்படியே நின்றது. நிலமும் தென்னையும் துஹெத்துக்குப் பொது, பத்திரம் கிடையாது, மூத்தவர் சொல்தான் பத்திரம். விதவையும் அநாதையும் தனித்து விடப்படுவதில்லை. பிறரை நேசி என்ற போதனைக்குத் தினசரிப் பயிற்சிக் களமாக அமைந்தது அந்த வீடு.

அந்த வீட்டையே ஆட்டிப் பார்த்தது 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு காலை. சுனாமி கரையோரக் கிராமங்களை வாரிச் சென்றது. உயிர் பிழைத்தவர்கள் தீவின் உட்பகுதிக்கு நகர்ந்தார்கள். அங்கே தகரக் கூரைக் குடியிருப்புகள் முளைத்தன. அரசு நிவாரணம் துஹெத்தைப் பார்க்கவில்லை. கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற சிறு குடும்பத்தைத்தான் கணக்கில் எடுத்தது. தோட்டத்தையும் பன்றியையும் நம்பி வாழ்ந்தவர்கள் கையில் ரொக்கம் வந்தது. வங்கிக் கணக்கு வந்தது. 'என் பங்கு' என்ற பேச்சும் வந்தது.

கோயில்களைத் திரும்பக் கட்டிவிட முடிந்தது. சிமென்டும் கம்பியும் போதும். பிரிந்துபோன அடுப்புகளை ஒன்றாக்குவதற்கு அவை போதாது. ஆலயத்தில் அருகருகே முழங்காலிடும் அண்ணன் தம்பிகள் வீடு திரும்பியதும் தென்னந்தோப்பை எப்படிப் பங்கிடுகிறார்கள்? சாலமோனும் ரிச்சர்ட்சனும் ஊன்றியது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதற்கு அங்கேதான் பதில் கிடைக்கும்.