தம்பி இன்னொரு முறை அணு கொடுத்தால் அண்ணன் பிழைப்பாரா?

ரத்தப் புற்றுநோய் வந்த வீட்டில் எல்லாரும் பயப்படுகிற வார்த்தை 'ரிலாப்ஸ்'. கீமோ முடிந்து, முடி வளர்ந்து, வேலைக்குப் போக ஆரம்பித்தவரின் ரத்தத்தில் ஒருநாள் பழைய புற்றணுக்கள் மறுபடி தென்படும். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இது நேரும். பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள். 'இனி என்ன டாக்டர்?' என்ற கேள்விக்கு அப்போது கிடைக்கும் பதில்களில் ஒன்று, உடன்பிறந்தவரையோ பெற்றவரையோ மறுபடி கூப்பிடுவது.

முந்திரிக் காடுகள் சூழ்ந்த ஆண்டிமடத்தில் இப்படி ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அண்ணனுக்கு நோய், தம்பியின் அணு பொருந்தியது. இவர்களுக்கு ஜெயங்கொண்டம் ஒரு பக்கம், விருத்தாசலம் மறுபக்கம். அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் மஜ்ஜை மாற்று என்று வந்துவிட்டால் புதுச்சேரி ஜிப்மர், சென்னை, வேலூர் என்றுதான் பேச்சு போகும். வேலூர் என்றால் விருத்தாசலம், விழுப்புரம், திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி. அங்கே சி.எம்.சி. மருத்துவமனை 1986-லேயே மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தொடங்கிவிட்டது. சிகிச்சைக்குப் பிறகு ஏறத்தாழ 100 நாள் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்க வேண்டும். முந்திரி சீசனில் அந்த 100 நாள் விழுந்தால், அந்த வருஷ வருமானம் போனதுதான்.

தம்பியிடமிருந்து எடுப்பதில் இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று, புது ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள். அது ஊன்றிவிட்டால் அண்ணனின் ரத்த வகையே தம்பியின் வகைக்கு மாறிவிடும்! இன்னொன்று, கூடவே வருகிற டி அணுக்கள், உடம்பின் காவல்படை. முதலில் இவற்றைத் தொந்தரவாகத்தான் பார்த்தார்கள். அண்ணனின் தோலையும் குடலையும் கல்லீரலையும் 'இது நம் உடம்பில்லை' என்று தாக்குவது இந்தப் படைதான். ஜி.வி.எச்.டி. என்று வார்டில் சொல்வது இதைத்தான். ஆனால் ஒரு புதிர் இருந்தது. அச்சு அசலாக ஒத்துப்போகும் இரட்டையரிடம் மஜ்ஜை வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நோய் திரும்பி வந்ததோ அவர்களுக்குத்தான் அதிகம். டி அணுக்களை வடிகட்டிவிட்டுக் கொடுத்தாலும் அதே கதை. ஆக, கீமோவில் தப்பிய புற்றணுக்களைத் தேடிப் பிடித்து அழித்துக்கொண்டிருந்ததும் அதே முரட்டுப் படைதான்.

மஜ்ஜை மாற்றின் முன்னோடியான டாக்டர் டோனல் தாமஸுக்கு நோபல் பரிசு கிடைத்த 1990-ஆம் ஆண்டிலேயே, ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஹான்ஸ்-யோகம் கோல்ப் குழுவினர் இந்த யோசனையை நேராகச் சோதித்து முடிவை வெளியிட்டார்கள். மஜ்ஜை மாற்றுக்குப் பின் நோய் திரும்பிய மூன்று பேர். நாள்பட்ட மைலாய்ட் வகை ரத்தப் புற்று. புதிதாக மஜ்ஜை மாற்றவில்லை. பழைய தானக்காரரின் வெள்ளணுக்களை மட்டும் இன்டர்ஃபெரான் மருந்தோடு சேர்த்து ஏற்றினார்கள். நோய் அடங்கியது. இன்று மருத்துவமனைகளில் 'டி.எல்.ஐ.' என்று சுருக்கமாகச் சொல்லும் சிகிச்சை இதுதான்.

பார்க்க எளிமையான காரியம். தம்பி ஒரு சாய்வு நாற்காலியில் படுத்திருப்பார். ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குள் போய், வெள்ளணுக்களை மட்டும் விட்டுவிட்டு மறு கை வழியாகத் திரும்பும். சில மணி நேரம் ஆகும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் மருந்து கால்சியத்தைக் குறைப்பதால் உதட்டைச் சுற்றிக் கொஞ்சம் மரத்துப்போகும். கால்சியம் கொடுத்தால் சரியாகிவிடும். எடுத்ததைச் சிறு சிறு பைகளாகப் பிரித்து உறைநிலையில் வைப்பார்கள். அண்ணனுக்கு ஏற்றும் நாளில் பையை உருக்கினால், உறைய வைக்கச் சேர்த்த ரசாயனத்தால் அறை முழுக்கப் பூண்டு வாடை அடிக்கும். முதல் தடவை மிகக் குறைந்த அளவு. தோலில் தடிப்போ வயிற்றுப்போக்கோ வருகிறதா என்று சில வாரம் பார்த்து, தேவைப்பட்டால் அடுத்த பை, கூடுதல் அளவில்.

இதில் ஒரு விதி விளையாட்டு. டி.எல்.ஐ. மிக நன்றாக வேலை செய்வது நாள்பட்ட மைலாய்ட் வகையில். அந்த நோய்க்கோ 2001-இல் இமாடினிப் மாத்திரை வந்து மஜ்ஜை மாற்றின் தேவையையே அரிதாக்கிவிட்டது. குழந்தைகளையும் இளைஞர்களையும் பிடிக்கும் லிம்போபிளாஸ்டிக் வகையில், மிகவும் தேவைப்படுகிற இடத்தில், வெறும் தானக்காரர் அணு அவ்வளவாகச் சாதிப்பதில்லை.

அதனால்தான் அந்த அணுக்களுக்கு இலக்கு சொல்லிக் கொடுக்கும் சோதனைகள் தொடங்கின. டி அணுவின் மரபணுவில் மாற்றம் செய்து, புற்றணுவின் மேல் இருக்கும் சி.டி.19 என்ற அடையாளத்தைக் கண்டுபிடிக்க வைப்பது. கார்-டி என்பது இதுதான். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில், மஜ்ஜை மாற்றுக்குப் பிறகும் நோய் விடாத 20 பேருக்கு, அவரவர் தானக்காரரின் டி அணுக்களையே இப்படி மாற்றிக் கொடுத்தார்கள். 2016-இல் வெளியான முடிவு: 8 பேருக்கு நோய் பின்வாங்கியது. லிம்போபிளாஸ்டிக் வகைக்காரர்கள் 5 பேரில் 4 பேருக்குத் தேடினாலும் அகப்படாத அளவுக்கு நோய் மறைந்தது. பயந்த ஜி.வி.எச்.டி. புதிதாக ஒருவருக்கும் தீவிரமாக வரவில்லை. 20 பேரை வைத்து ஒரு சிகிச்சையை நிறுவிவிட முடியாது; ஆனாலும் பாதை தெரிந்துவிட்டது.

லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனை இன்னும் ஒரு படி போனது. உறவே இல்லாத ஒருவரின் டி அணுக்களில் மரபணுவின் எழுத்துகளைத் திருத்தி, 2022-இல் 13 வயதுச் சிறுமிக்குக் கொடுத்தார்கள். 28 நாளில் நோய் அடங்கியது. பிறகு இரண்டாவது மஜ்ஜை மாற்று நடந்தது. தானக்காரர் அணுவை முன்கூட்டியே தயாரித்து அலமாரியில் வைத்திருக்கலாம் என்ற நம்பிக்கை இப்படித்தான் வளர்கிறது.

நம் நாட்டுக் கணக்குக்கு வருவோம். மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. நோயாளியின் சொந்த டி அணுக்களிலிருந்து செய்வது. அமெரிக்காவில் கோடிகளில் ஆகும் சிகிச்சை, இங்கே 30 முதல் 40 லட்சம் ரூபாய் என்றார்கள். பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆண்டிமடத்துக்காரர் முந்திரிக் காட்டையும் வீட்டையும் சேர்த்து விற்றாலும் அந்தத் தொகை தேறுமா?

என் கண்ணுக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேலூர்ச் சோதனை. சி.எம்.சி.யும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய 'வெல்கார்ட்' ஆய்வில், மருத்துவமனைக்குள்ளேயே மூடிய தானியங்கி இயந்திரத்தில் சுமார் 9 நாளில் கார்-டி அணுக்களைத் தயாரித்தார்கள். சிறிய ஆய்வுதான். 2025-இல் அறிவித்தபடி, லிம்போபிளாஸ்டிக் வகையில் எல்லாருக்கும், நிணநீர்ப் புற்றான லிம்ஃபோமாவில் பாதிப் பேருக்கும் பலன் தெரிந்தது. கம்பெனித் தொழிற்சாலைக்கு அனுப்பி வாங்கும் செலவு இதில் இல்லை. இதிலும் தானக்காரருக்குப் பங்கு உண்டு: பொதுவாக, மஜ்ஜை மாற்று முடித்தவரின் ரத்தத்தில் டி அணு எடுத்தால், அது அவருக்குள் குடியேறிய தானக்காரரின் வழிவந்த அணுதான். அந்த இயந்திரமும் அந்தத் திறமையும் அரசு மருத்துவமனைகளுக்கு வராத வரை, இந்த விஞ்ஞானம் பத்திரிகைச் செய்தியாகத்தான் நிற்கும்.

தானம் கொடுக்கிறவர் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். உடன்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பெற்றோரும் பிள்ளைகளும் பாதி பொருந்துவார்கள். இப்போது பாதிப் பொருத்தத்திலும் மாற்று சிகிச்சை நடக்கிறது. ரத்த வகை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் கல்யாணமாகிப் போன தங்கை பொருந்தினால் மாப்பிள்ளை வீட்டில் கேட்க வேண்டும், 'பிள்ளை பெறுவதில் சிக்கல் வருமா?' என்ற சந்தேகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். வராது. எடுத்த அணுக்களை உடம்பு மறுபடி உற்பத்தி செய்துகொள்ளும். இந்தப் பேச்சை மாப்பிள்ளை வீட்டாரோடு மருத்துவரே உட்கார்ந்து பேசுவது நல்லது.

சோதனை சிகிச்சைக்குக் கூப்பிட்டால் ஓடவும் வேண்டாம், கும்பிட்டு உடனே கையெழுத்துப் போடவும் வேண்டாம். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள், ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். பாதியில் விலகிக்கொள்ளலாம், வழக்கமான சிகிச்சையை அதற்காக மறுக்க முடியாது. சோதனையால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் 2019-ஆம் ஆண்டு விதிகளில் உண்டு. 2009 ஜூன் முதல் எல்லா மருந்துச் சோதனையும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். 'ஸ்டெம் செல்லில் எல்லாம் குணமாகும்' என்று பணம் கேட்கிறவரிடம் அந்த எண் இருக்காது.

இன்னொன்று: புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. சிகிச்சை தரும் மருத்துவமனையில் அதற்கான சான்றிதழ் வாங்கிக்கொண்டு காட்பாடிக்கு டிக்கெட் போடுங்கள்.